உத்தரவாதச் சீட்டும் வாங்குவோன் உரிமையும்

வெள்ளவத்தைக் காலி வீதியில் மின்பொருட் கடையொன்றினுள் நுழைவார் பெரும்பாலும் இரண்டு வாசகங்களைக் காண்பர். ஒன்று காசாளர் மேசைக்கு மேலே தொங்குவது. விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது என்பது. மற்றையது பொருளோடு வரும் பெட்டியினுள் மடித்து வைக்கப்பட்டிருப்பது. ஓராண்டு உத்தரவாதம் என்பது. முன்னது வாங்குவோனை அஞ்சவைக்கும். பின்னது அவ்வச்சத்தை ஆற்றும். இவ்விரண்டும் சேர்ந்து மூன்றாவதொன்றை அவன் கண்ணுக்கு மறைத்துவிடுகின்றன என்பதே ஈண்டுக் கருதற்பாலது. அம்மூன்றாவது எச்சுவரிலும் எழுதப்படுவதில்லை, எப்பெட்டியிலும் வைக்கப்படுவதில்லை. சீட்டு இருப்பினும் இல்லாவிடினும் சட்டம் வாங்குவோனுக்கு அளித்திருக்கும் உரிமையே அது.

உத்தரவாதச் சீட்டை முழுமையாகப் படித்தவர் அரியர். படித்தவர்கள் சில விந்தைகளைக் கண்டிருப்பர். கொழும்பில் கணினியும் அதன் உறுப்புக்களும் விற்கும் கடைகள் பலவற்றின் பற்றுச்சீட்டில், ஓராண்டு எனப்படுவது 350 நாள் என அடியிற் சிறிய எழுத்தில் குறிக்கும் வழக்கம் ஒன்றுண்டு. வானநூலார் அறியாத இவ்வாண்டு எவ்வாறு பிறந்தது என்பதை வணிகரே அறிவர். பதினைந்து நாளைக் களைந்ததற்கு வாங்குவோர் சண்டையிடுவதில்லை. சீட்டைக் கடைக்காரர் தம் விருப்பால் தந்த கொடையென்று கருதும் மனப்பாங்கே அதற்குக் காரணம். கொடையின் அளவைக் குறித்து எவரும் வழக்காடுவதில்லை அன்றோ?

இலங்கையில் அசையும் பொருள்களின் விற்பனையை 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆளுகின்றது. இங்கிலாந்தில் 1893 இல் இயற்றப்பட்ட சட்டத்தைப் பெரும்பாலும் அடியொற்றிச் செய்யப்பட்டது அது. விற்பனை ஒப்பந்தத்தின் கூறுகளை இச்சட்டம் இருவகைப்படுத்துகின்றது. ஒன்று நிபந்தனை, மற்றொன்று உத்தரவாதம். நிபந்தனை மீறப்படின் வாங்கியவன் பொருளையே மறுத்து விலையைத் திருப்பிக் கேட்கலாம். உத்தரவாதம் மீறப்படின் நட்டஈடு மட்டுமே கேட்கலாம், பொருளை மறுக்கவியலாது. எனவே சட்டத்தின் மொழியில் உத்தரவாதம் என்பது இரண்டாந்தர வாக்குறுதியே. ஒரு வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் அப்பொருளை வருணித்து வாங்கும்போது, அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்கவேண்டும் என்பதைச் சட்டம் உத்தரவாதமாக வைக்கவில்லை, நிபந்தனையாகவே வைத்துள்ளது. கடைக்காரர் அதனை வாயாற் சொல்லவேண்டியதில்லை. சொல்லாதவிடத்தும் அது ஒப்பந்தத்தினுள் உறைகின்றது. மக்கள் கையில் விரித்துப் பார்க்கும் சீட்டு இரண்டாந்தரத்தைப் பேசுகின்றது. முதற்றரமானது பேசாமலே கிடக்கின்றது.

வாங்குவோன் விழித்திருப்பானாக என்ற இலத்தீன் முதுமொழியே ஆங்கில விற்பனைச் சட்டத்தின் பழைய அடிப்படை. குற்றம் கண்டறியும் பொறுப்பு வாங்குபவனுடையது. கண்டறியாவிடின் அவன் விதி. தமிழ்ப் புலவன் வேறிடத்தில் நின்று நோக்கினான். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்ற வந்த பட்டினப்பாலை, அவர்கள் கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் செய்யாமையைச் சிறப்பாக எடுத்துரைக்கின்றது. அங்கே விழித்திருக்க வேண்டியவன் விற்பவன். 1896 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரு நிலைகளுக்கும் இடையே எங்கோ நிற்கின்றது எனலாம். வாங்குவோன் பொருளை ஆராய்ந்து வாங்கியிருப்பின், அவ்வாராய்ச்சியில் புலப்பட்டிருக்கவேண்டிய குறைக்கு விற்பவன் பொறுப்பல்லன். புலப்பட்டிருக்க முடியாத குறைக்கு அவன் பொறுப்பாளி. இவ்வேறுபாடு கமரா ஒன்றின் கதையில் எத்துணை முக்கியமானதாயிற்று என்பதைப் பின்னர்க் காணலாம்.

1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் கமரா கொழும்பில் அரும்பொருள். சிங்கப்பூரிலிருந்து வருவோர் பயணப் பொதியில் ஒன்று கொணர்ந்தால் உறவினர் அனைவரும் அதனைத் தொட்டுப் பார்ப்பர். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் கடைகள் நிறைந்தன. பொருள் வந்த வேகத்தில் பழுதும் வந்தது. 1979 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம் இச்சூழலிலேயே பிறந்தது. அதனை நீக்கி அதனிடத்தே வந்தது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். அதன்வழி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம் 1977 என அமைந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் நினைவில் நிறுத்த அதைவிடப் பொருத்தமான இலக்கம் கிடைத்திராது.

கொட்டாஞ்சேனையில் அச்சகமொன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் 2022 ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் புதிய கமரா ஒன்றை வாங்கினார். விலை 1,85,000 ரூபா. தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும் அவரது ஈராண்டுச் சேமிப்பும் அதனுள் அடங்கின. வாரநாளில் அச்சகம், வார இறுதியில் திருமண வீடும் பூப்புனித நீராட்டு விழாவும் என்பது அவரது கணக்கு. தவக்காலம் தொடங்குமுன் கத்தோலிக்கத் திருமணங்கள் நெருங்கி வரும் பெப்ரவரி மாதத்தில் மூன்று வேலைகள் உறுதியாகியிருந்தன.

முதலாவது திருமணத்தில் தேவாலயத்தினுள் எடுத்த படங்கள் குறைசொல்ல இடமில்லாது வந்தன. வெளியே வெண்சுவரின் முன் உறவினர் அனைவரையும் நிறுத்தி எடுத்த படத்திற்றான் இடப்பக்க மேல்மூலையில் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றின. சுவரில் விழுந்தவற்றைக் கணினியில் அழிக்க முடிந்தது. பின்வரிசையின் இடக்கோடியில் நின்றவர் மணமகளின் தமையனார். கனடாவிலிருந்து அத்திருமணத்திற்காகவே ஒரு வார விடுமுறையில் வந்தவர். அவர் முகத்தின்மேல் விழுந்த புள்ளியைக் கண்ணுக்குத் தெரியாவண்ணம் அழிக்க முடியவில்லை. அப்படத்தை மீண்டும் எடுப்பதற்கு அவர் மீண்டும் வரவேண்டும். இளைஞர் தம் கூலியிற் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த இரு வேலைகளும் வேறொருவரிடம் சென்றன.

உள்ளே எடுத்த படத்தில் தோன்றாத புள்ளி வெளியே எடுத்ததில் தோன்றியது ஏன்? கமராவினுள் ஒளியை ஏற்றுப் படமாக்கும் தகட்டினை உணரி என்பர். அதன்மேல் துகளோ எண்ணெய்த் திவலையோ படிந்தால், வில்லையின் துவாரம் அகலமாக இருக்கும்போது அதன் நிழல் கலைந்து கண்ணுக்குப் புலப்படாது. வெளிச்சம் மிகுந்த இடத்தில் துவாரத்தைச் சுருக்கும்போது நிழல் கூர்மையுற்று வானத்திலும் வெண்சுவரிலும் புள்ளியாகத் தெரியும். குழல் விளக்கின் கீழ்க் கடைக்காரர் நீட்டிய கமராவால் நாலைந்து படம் எடுத்துப் பார்த்த எவராலும் இக்குறையைக் கண்டிருக்க இயலாது. மேலும், புதிய கமராவில் எண்ணெய் தெறிப்பது சில நூறு படங்கள் எடுத்த பின்னரே வெளிப்படும். ஆராய்ந்தும் புலப்பட்டிருக்க முடியாத குறை எனச் சட்டம் கூறுவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

கடைக்காரர் அவ்வாறு நோக்கவில்லை. தூசி என்பது பாவனையால் வருவது, உத்தரவாதத்தில் அடங்காது என்றார். ஆயினும் நல்லெண்ணத்தால் துடைத்துக் கொடுத்தார். இரு வாரத்தில் புள்ளிகள் மீண்டன. மறுமுறையும் துடைப்பு, மறுமுறையும் புள்ளி. மூன்றாம் முறை சென்றபோது, திறந்து மூடும் பொறியினை மாற்றவேண்டும், அது சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும், டொலர் இல்லாமையால் எப்போது வரும் எனக் கூறவியலாது என்றார். அவ்வேளை நாடு முழுவதும் டொலர்த் தட்டுப்பாட்டில் தத்தளித்துக்கொண்டிருந்தமையால் இப்பதிலை எவரும் பொய்யென்று கூறமுடியாது. அதிகாரம் பெற்ற முகவரிடம் சென்றபோது, இக்கமரா தம் வழியாக இறக்குமதியானதன்று, கடை உத்தரவாதம் மட்டுமே உண்டு என அவர் கைவிரித்தார். கம்பனி உத்தரவாதம், கடை உத்தரவாதம் என்னும் இப்பிரிவு கொழும்பு வாங்குவோர் அனைவரும் அறிந்ததே. முன்னது விலை கூடியது, பின்னது மலிவு. ஆனால் சட்டம் கூறும் நிபந்தனை இப்பிரிவினை அறியாது. பணத்தைப் பெற்றுப் பொருளைக் கொடுத்தவர் எவரோ அவரே பொறுப்பாளி.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில், புதுக்கடை நீதிமன்ற வட்டாரத்தில் சட்டத்தரணிகளிடம் நாற்பது ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறிய முதியவர் ஒருவர் வாழ்கின்றார். இளைஞரின் தாயாருக்குத் தெரிந்த குடும்பம். ஏப்ரல் மாத முற்பகுதியில், மின்வெட்டினால் இருண்டிருந்த ஒரு மாலையில், இளைஞர் அவரிடம் சென்றார்.

“தம்பி, திருத்தித் தாருங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டனீர்?”

“மூண்டு தரம், ஐயா.”

“எனக்கு இது வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கோ எண்டு ஒருக்காலாவது சொன்னனீரோ?”

இளைஞர் சொல்லவில்லை. அவ்வாறு சொல்லலாம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பொருளைக் கொடுத்தபோதும் வாங்கியபோதும் எழுத்தில் ஒரு துண்டும் பெறப்படவில்லை.

முதியவரின் வினாவில் சட்டத்தின் கருவே அடங்கியிருந்தது. 1896 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொருளை மறுப்பதாக அறிவிக்காமல் நியாயமான காலத்திற்கு மேல் வைத்திருப்பவன் அதனை ஏற்றுக்கொண்டவனாகவே கருதப்படுவான். ஏற்றுக்கொண்டபின் நிபந்தனை மீறலும் உத்தரவாத மீறலாகச் சுருங்கிவிடும். நட்டஈடு கேட்கலாம், மறுக்க இயலாது. 2003 ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் கண்டிப்பானது. உத்தரவாதத்திற்கு, அது வெளிப்படையாகக் கூறப்பட்டதாயினும் உட்கிடையாயினும், ஒவ்வாத பொருளைப் பற்றி அதிகார சபையிடம் முறையிடலாம். அம்முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதத்தினுள் செய்யப்படவும் வேண்டும். தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் வாங்கிய பொருளுக்கு மூன்று மாதம் சித்திரைப் புத்தாண்டிற்கு அடுத்த வாரத்தில் முடிகின்றது. அன்றைக்கு எஞ்சியிருந்தவை பன்னிரண்டு நாள்; அவற்றுட் சில புத்தாண்டு விடுமுறை. துடைத்துத் தருகிறேன், பொறி வரட்டும், பொறுத்திருங்கள் என்னும் இன்சொற்களுக்குள் ஓர் உரிமை கரைந்துகொண்டிருந்ததை எச்சீட்டும் அறிவிக்கவில்லை. ஓராண்டு என்று சீட்டிற் கண்டவர் ஓராண்டு காலம் இருக்கின்றது என்றே நம்புவார். அந்நம்பிக்கைதான் இவ்வகையில் மிகுந்த கேட்டினை விளைப்பது.

துடைத்தால் தீரும் தூசி என்னும் வாதத்திற்கு உலகறிந்த மறுப்பு ஒன்றுண்டு. நிக்கோன் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட டி600 என்னும் கமராவில் இவ்வாறே புள்ளிகள் சேர்ந்தன. அதுவும் பெரும்பாலும் இடப்பக்க மேல்மூலையிலேயே. வில்லையைக் கழற்றாமலே ஆயிரக்கணக்கான படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து, புள்ளிகள் பெருகுவதைப் பாவனையாளர் சிலர் காட்டினர். நிறுவனம் 2013 பெப்ரவரியில் துடைக்கும் வழியைக் கூறி அறிவித்தல் விடுத்தது. 2014 பெப்ரவரியில் உத்தரவாதக் காலம் கடந்தவற்றுக்கும் பொறியை இலவசமாக மாற்றித் தருவதாகக் கூறியது. அதே ஆண்டு மார்ச் 15 இல், உலக பாவனையாளர் தினத்தன்று, சீன அரசுத் தொலைக்காட்சி இவ்விடயத்தை அம்பலப்படுத்தியது. சங்காய் நகர அதிகாரிகள் அக்கமராவின் விற்பனையை நிறுத்துமாறு பணித்தனர். பலமுறை திருத்தியும் தீராதவற்றுக்கு வேறு கமரா மாற்றிக் கொடுக்கும் அறிவித்தல் அம்மாதத்திலேயே வந்தது. பதின்மூன்று மாதங்களில் துடைப்பிலிருந்து மாற்றீட்டுக்கு வந்த பயணம் அது. கொட்டாஞ்சேனை இளைஞரின் கமரா வேறு நிறுவனத்தினது. ஆயினும் காட்டும் முறை பொருந்தும்.

முதியவர் சொற்படி அவர் அதையே செய்தார். கடையில் துடைத்து வாங்கிய அன்றே துவாரத்தைச் சுருக்கி வெள்ளைத் தாளொன்றைப் படமெடுத்தார். வில்லையைக் கழற்றாமல் ஐந்நூறு படம் எடுத்தபின் மீண்டும் அத்தாள். ஆயிரம் எடுத்தபின் மீண்டும். மூன்று தாள்களும் அச்சகத்தில் ஒரே அளவில் அச்சிடப்பட்டன. முதலாவதில் ஒரு புள்ளியும் இல்லை. மூன்றாவதை ஒரு குழந்தையிடம் காட்டினாலும் எண்ணிக் கூறும்.

கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். அதிகார சபையின் கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதி அலுவலகத்திற்கு ஒரு முறைப்பாடு. இரண்டும் ஒரு பக்கத்தினுள் அடங்கின. வாங்கிய நாள், விலை, குறை, மூன்று முறை கொடுத்த நாள்கள், பொருள் மறுக்கப்படுகின்றது என்னும் அறிவித்தல், வேண்டுவது யாது என்னும் ஒரு வாக்கியம். வசைச்சொல் ஒன்றும் இடம்பெறவில்லை. முதற் படியில் இளைஞர் எழுதியிருந்த “மனவேதனை” என்ற சொல்லை முதியவர் வெட்டிவிட்டாராம். வேதனை மெய்யாயினும் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை என்பது அவர் கருத்துப் போலும்.

கூலிக்குப் படமெடுப்பவர் பாவனையாளர் ஆவாரா என்ற ஐயமும் எழுந்தது. விற்பவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகங்களைக் கட்டுப்படுத்தவென 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இலங்கையில் உண்டு. காசாளர் மேசைக்கு மேலே தொங்கும் பலகையின் வலிமையைக் குறைப்பது அதுவே. ஆயினும் தொழிலுக்காக வாங்குவோர் அதன் முழுப் பயனையும் பெறுவது வழக்குக்குரியது. இந்தியாவின் 1986 ஆம் ஆண்டுச் சட்டமும் வணிக நோக்கில் வாங்குவோரை விலக்கியது. பின்னர் 1993 இல், தன் உழைப்பால் வாழ்வதற்கென்றே வாங்குபவனை மட்டும் மீண்டும் உள்ளே அழைத்துக்கொண்டது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டுச் சட்டமோ விலைக்கு வழங்கப்படும் பொருளைப் பாவிப்பவர், பாவிக்கக்கூடியவர் எவரையும் பாவனையாளர் என்கின்றது. இவ்வகையில் அது தாராளமானது. எனவே அதிகார சபையின் வாயில் அவருக்குத் திறந்தே இருந்தது.

எரிபொருள் இன்மையால் முதல் விசாரணைத் தவணை நடைபெறவில்லை. ஓகஸ்ற் மாதத்திலேயே இரு தரப்பினரும் ஒரு மேசைக்கு வந்தனர். இடைப்பட்ட காலத்தில் நாட்டின் நாணயமே பழுதுபட்டிருந்தது. மார்ச் மாத முற்பகுதியில் டொலருக்கு 200 ரூபாவளவில் இருந்த மாற்று வீதம் மே மாதத்தில் 360 ரூபாவளவிற்குச் சென்றது. அதே கமராவின் விலை காலி வீதியில் ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஏப்ரலில் பணத்தைத் திருப்பித் தருவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்ற கடைக்காரர், ஓகஸ்றில் 1,85,000 ரூபாவையும் ஒரு சதமும் குறையாது தருவதாகத் தாமே முன்வந்தார். காட்சிக்கு இது பெருந்தன்மை. அப்பணத்தைக் கொண்டு வாங்கக்கூடியது அரைக் கமரா.

சட்டம் அதிகார சபைக்கு மூன்று வழிகளைக் கொடுத்துள்ளது: நட்டஈடு கொடுக்கச் செய்தல், பொருளை மாற்றிக் கொடுக்கச் செய்தல், விலையைத் திருப்பிக் கொடுக்கச் செய்தல். இம்மூன்றும் ஒரே பெறுமதி உடையன என்பது நாணயம் நிலைத்து நிற்கும் நாட்டில்தான் உண்மை. ஏப்ரல் முறைப்பாட்டில், வேண்டுவது யாது என்ற வாக்கியத்தில், மாற்றுக் கமரா என்பதே முதலில் எழுதப்பட்டிருந்தது. ரூபா மேலும் விழும் என்று அன்று முதியவர் கணித்தாரா, பொருளை இழந்தவனுக்குப் பொருளே வேண்டும் என்னும் பழைய நியாயத்தால் எழுதுவித்தாரா என்பதை அவர் கூறவில்லை. இளைஞர் பணத்தை ஏற்க மறுத்தார். மூன்று வெள்ளைத் தாள்களும் மேசைமீது விரிந்து கிடந்தன. கடைக்காரர் நெடுநேரம் கணக்குப் பார்த்து, பழைய விலையில் வந்து விலைபோகாது இருந்த சற்றே கீழ்த்தரமான வேறொரு மாதிரியையும், அதற்கென ஒரு வில்லையையும் தர இணங்கினார். அலுவலர் அதனை எழுத்தில் பதிந்துகொண்டார்.

கடைக்குச் சென்ற இளைஞர், பெட்டியைப் பிரித்ததும் வாயிலில் நின்று வெயிலில் வெள்ளைத் தாளைப் படமெடுத்தார். அங்கிருந்த சிப்பந்திகள் சிரித்தனர். புதிய உத்தரவாதம் எந்நாளிலிருந்து தொடங்கும் என்பது பற்றி ஒரு சிறு பிணக்கு எழுந்தது. பழைய சீட்டில் எஞ்சியுள்ள ஐந்து மாதமே செல்லும் எனக் கடைக்காரர் எழுதினார். அன்றைய திகதியைப் பற்றுச்சீட்டில் இடுவித்துக்கொண்டதோடு இளைஞர் நிறுத்திக்கொண்டார். மறுநாட் காலை கொச்சிக்கடையில் அவருக்கு ஒரு திருமணம் இருந்தது.